கல்லுக்கு வைத்த சிவப்புப் பொட்டு

முத்துவீரன் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவிக் கீழே விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் காட்டு எல்லைக்கற்கள் அத்தனையும் ஜேசிபிக்குப் பக்கத்தில் விறகுக்கட்டை மாதிரி அடுக்கிக் கிடந்தன. பண்ணைப்புரத்து மலையடிவாரத்தில் களையாக மண்டிய உண்ணிச்செடிகளைப் பிடுங்கும் வேலை. வனக்காப்பாளரான அவனுக்கு மேலிடம் இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கற்களில் கீறல்கூட விழக் கூடாது.

"ஏலே விஷாலு, என்னடா செஞ்சு வச்சிருக்க?"

ஜேசிபி டிரைவர் விஷால் பெருமையாக இறங்கி வந்தான். "பெயிண்டு அடிச்சதப் பூராம் எடுத்துட்டேண்ணே. ஒண்ணு விடல."

"தொடக் கூடாதுன்னுதானடா பெயிண்டு அடிச்சேன்."

"போன மாசம் தைலமரத்துலயும் நீங்கதானண்ணே சிவப்பு அடிச்சீக? அடிச்சத எடு, அடிக்காதத விடுன்னு சொன்னதும் நீங்கதான்."

சொன்னது வாஸ்தவம். முத்துவீரன் தரையைச் சுற்றிச் சுற்றித் தேடினான். "குழியவாச்சும் காட்டு, திரும்ப நட்டுருவோம்."

"குழியும் மேடுமாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? நெரவிட்டேண்ணே."

ரேஞ்சர் சுகிர்தம் மேடம் ஜீப்பில் கிளம்பிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. கல் இருந்த இடம் தெரியாவிட்டால் சஸ்பெண்ட் நிச்சயம்.

பக்கத்துத் தோட்டத்துச் சுருளியிடம் ஓடினான். அவர் கண்ணை மூடி யோசித்து, காட்டுக்குள் கூப்பிடு தூரத்தில் நின்ற ஆலமரத்தைக் காட்டினார். "அதுக்கு அங்கிட்டு."

அடுத்த தோட்டத்து மூக்கம்மாள் அதற்கும் மேலே ஓடையைக் காட்டினாள். "அங்கன இருந்த கல்லுலதான் எருமைய கட்டுவேன். இவருக்கு என்ன தெரியும்?"

இருவருக்கும் சண்டை மூண்டது. விட்டால் எல்லையைக் குமுளி வரைக்கும் தள்ளிவிடுவார்கள் போலிருந்தது.

கடைசியில் மாமனார் அம்மாவாசியிடம் போனான். கற்களை ஒட்டியிருந்தது அவருடைய தென்னந்தோப்புதான். தாராளமான மனுஷர். கல்யாணத்துக்கு யாரும் கேட்காமலே தோப்பில் பாதியை மருமகனுக்கு எழுதிக் கொடுத்தவர். எந்தப் பாதி என்று முத்துவீரனும் கேட்டதில்லை. தேங்காய் வீடு தேடி வந்தால் போதாதா?

"மாமா, கல்லு எங்கன நின்னுச்சு?"

"நான் காட்டுப் பக்கமே திரும்புறதில்ல மாப்ள." அம்மாவாசி தேங்காய் உரிப்பதில் மும்முரமானார்.

"அண்ணே, மேடம் வந்துட்டாக" என்றான் விஷால்.

முத்துவீரன் சல்யூட் அடித்தான். வேறு வழி தெரியாமல் வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டான். "மேடம், எவனோ கல்ல நகட்டி நம்ம நெலத்த அமுக்கியிருக்கான். நாந்தான் கண்டுபிடிச்சுத் தோண்டச் சொன்னேன்."

முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு மேடம் போய்விடுவார் என்று நினைத்தான். அவரோ அங்கேயே போனைப் போட்டு, பழைய வரைபடத்தோடும் கருவியோடும் சர்வேயர்களை வரவழைத்துவிட்டார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். முத்துவீரனுக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

வெயில் தாழும்வரை அளந்தார்கள். சுகிர்தம் மேடம் வரைபடத்தை மடித்தார்.

"நீங்க சொன்னது அப்படியே சரி, முத்துவீரன். கல்லக் காட்டுக்குள்ள நகர்த்தி நட்டிருக்காங்க. உண்மையான எல்லை இந்தத் தோப்புக்கு நடுவுல போகுது."

முத்துவீரன் தோப்பைத் திரும்பிப் பார்த்தான். பொய்யென்று நினைத்துச் சொன்னது மெய்யாகிவிட்டது. இப்படியும் நடக்குமா? வேலை பிழைத்தது என்று புரிந்ததும், போன உயிரோடு கொஞ்சம் வீரமும் சேர்ந்து திரும்பி வந்தது.

"கேஸ் போட்டுருவோம் மேடம். எங்க மாமாவா இருந்தாலும் சட்டம் சட்டந்தான்."

"நல்லது. மேற்குப் பாதி முழுக்கக் காட்டு நிலம். அதை அனுபவிக்கிறது யாரு?"

அம்மாவாசி உரித்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, பணிவாகக் கைகூப்பினார்.

"நம்மளுது கெழக்குப் பாதிதான் தாயி. காட்டோரத்துப் பாதியத்தான் கல்யாணத்தன்னைக்கே மாப்ள பேருக்கு எழுதிக் குடுத்துட்டேனே."