ஆறு கிரவுண்டுக்கு ஒரு ஏக்கர் டானிக்

நெற்பயிருக்குப் பேதி மாத்திரை ஒன்றைத் தவிர மற்ற எல்லா மருந்தையும் கொடுத்துப் பார்த்தவர், வண்டலூர் வட்டாரத்திலேயே எங்கள் டானிக் அண்ணா ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு அவர் விற்ற வயலில்தான் நிற்கிறது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் மிஞ்சிய ஆறு கிரவுண்டில் போர் தண்ணீர் பாய்ச்சி நெல் போடுகிறார். விதை முளைக்க ஒரு வளர்ச்சி ஊக்கி, தூர் கட்ட இன்னொன்று, மணி பிடிக்க வேறொன்று. எல்லாமே அவருக்கு டானிக்.

எங்கள் வழுக்கைத் தலை செகரட்டரி ஒருநாள் சுவரருகே நின்று, "அண்ணா, இது தலைக்கு ஒர்க் ஆகுமா?" என்று கேட்டார்.

"இது இருக்கறத வளக்கும் சார். இல்லாதத இன்னா பண்றது?"

போன சம்பாவில் அண்ணாவின் மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இந்த தபா நெல்லு வூட்டுக்கு வரலன்னா, நேரா பில்டராண்ட போய் கையெழுத்து போட்டுடணும். இன்னா?"

அண்ணா தலையாட்டினார். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. கதிர் பாதி வெளியே வந்து பாதி தொண்டையிலேயே நின்றதும், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பா மாதிரி வரப்பில் நடந்தார். கடைசியில், கதிரை வெளியே இழுத்துவிடும் ஜிப்ரலிக் டானிக்கை வாங்கி வந்து அடித்தார்.

கதிர் வந்தது. பயிரும் கூடவே கிளம்பிவிட்டது. இடுப்பைத் தாண்டி, மார்பைத் தாண்டி, சுவருக்கு மேலே தலையை நீட்டி எங்கள் பார்க்கிங்கை வேடிக்கை பார்த்தது. செகரட்டரி வெளிப்படையாகவே பொறாமைப்பட்டார். பிறகு ஒரு மழை. மொத்த வயலும் பாய் விரித்துப் படுத்துவிட்டது.

"எவ்ளோ அடிச்சீங்கண்ணா?" என்றேன்.

"அட்டைல ஏக்கருக்கு இன்னா போட்டுக்கீதோ, அத்தான் சார்."

"உங்களுது ஆறு கிரவுண்டுதானே? ஏக்கர்ல மூணுல ஒரு பங்குதான் வரும்."

அண்ணா எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "ஆமால்ல" என்றார். முழுசாக ஒரு ஏக்கராக இருந்த நிலத்தில் பெரும்பங்கை எழுதிக் கொடுத்து வருஷக்கணக்கில் ஆகியும், அவர் மனசில் அந்தப் பத்திரம் பதிவாகவே இல்லை. எனக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பே சேற்றில் இறங்கியது. படுத்த பயிரைக் கொத்துக் கொத்தாகத் தூக்கிக் கட்டாவிட்டால் ஈரத்தில் மணி முளைத்துவிடுமாம். கயிறு தீர்ந்ததும், ஐ.டி. பையன்கள் பழைய கம்பெனி அட்டைகளின் டேக்குகளைக் கழற்றித் தந்தார்கள். அடிக்கடி வேலை மாறியவர்களிடம் நிறையவே இருந்தன. மாலையில் வந்து பார்த்த அண்ணாவின் மனைவி, "இன்னாய்யா, நெல்லு ஆபீஸ் போவுதா?" என்றார். ஆனால் நெல் வீட்டுக்குத்தான் போனது. கொஞ்சம் குறைச்சல்தான், ஆனாலும் பில்டர் பேனாவை மூடிக்கொண்டார்.

இந்தப் போகத்துக்கு டானிக் வாங்க நானும் கூடப் போனேன்.

"எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒண்ணு" என்றார் அண்ணா, கொஞ்சமும் யோசிக்காமல்.

வயலுக்கு வந்ததும், "குடுங்கண்ணா, நான் கலக்கித் தரேன்" என்று வாங்கி, மூன்றில் ஒரு பங்கை மட்டும் டேங்கில் ஊற்றினேன். அந்த ஒரு ஏக்கரை அவரிடமிருந்து இன்னொரு முறை பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.