என் அக்காவின் முதல் கணவர்

எங்கள் காலத்தில் மதுரைக் கல்லூரிகளில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தவன் எவனும் அந்த மொழியின் மேல் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. மார்க்குக்காக எடுத்தான். தமிழில் தலைகீழாக நின்றாலும் அறுபதைத் தாண்ட விடமாட்டார்கள், பிரெஞ்சில் தொண்ணூறு நிச்சயம் என்றார்கள் சீனியர்கள். நானும் எடுத்தேன். (யாராவது கேட்டால் மொழி ஆர்வம்னுதான் இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்.)

வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அந்த மொழியில் ஒரு வினைச்சொல் எத்தனை வேஷம் போடும் என்று. எந்தக் காலமும் மண்டையில் ஏறவில்லை. அப்போது ஒரு சீனியர் வழி காட்டினார்.

"மாப்ள, ப்ளூஸ்-கே-பர்ஃபேன்னு ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் பத்து மார்க்குக்கு வருது. அதை மட்டும் உருப்போட்டுட்டுப் போ."

நடந்து முடிந்ததற்கும் முன்னால் நடந்து முடிந்துவிட்டதைச் சொல்லும் காலம் அது. நம் 'சாப்பிட்டிருந்தேன்', 'போயிருந்தான்' மாதிரி. மூன்று மாதம் காலையும் மாலையும் திருநகர் வீட்டு மொட்டை மாடியில் நடந்துகொண்டே அதை மட்டும் உருப்போட்டேன். துணி உலர்த்த வரும் செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப்போவாள். பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்த அப்பாவுக்கோ ஏகப் பெருமை. "நம்ம பய பிரெஞ்சுல பொளந்து கட்டுறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. (பாருங்க, எனக்கு இப்பவும் அந்தக் காலம்தான் வாயில வருது.) மூன்றாவதும் போனால் என்ன செய்வது என்று அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் வேலை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மா, மகன் என்று மூவருமாகப் பெண் பார்க்க வந்தார்கள்.

அக்கா வந்து வணங்கினாள். கேசரியும் காபியும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கேசரி நெய் ஒட்டிய கையைக் கழுவ அவர் கொல்லைப்பக்கம் போனார். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் அப்பா சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம பய காலேஜுல பிரெஞ்சுதாங்க படிக்கிறான். அம்புட்டும் மனப்பாடம்."

பட்டாளத்துப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுரையில் தன் பாஷை பேச ஒரு பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் என்னை அருகே அழைத்து, கடகடவென்று பிரெஞ்சில் எதையோ கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது சமையல் என்ற ஒரு சொல்தான். அக்கா சமைப்பாளா என்று கேட்கிறார் போல.

"எல் ஆவே குயிசினே" என்றேன். சமைத்திருந்தாள்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். அடுத்த கேள்வியில் கல்யாணம் என்ற சொல் கேட்டது. அக்காவுக்குச் சம்மதமா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும். எனக்கு வித்தை காட்ட ஆசை.

"எல் ஸெத்தே மரியே." கல்யாணம் செய்துகொண்டிருந்தாள்.

பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏ லு மரி?" என்றார். கணவர் எங்கே என்கிறார். கை கழுவப்போன மாப்பிள்ளையைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, நானும் உற்சாகமாக, "இல் எத்தே பார்த்தி" என்றேன். அவர் போய்விட்டிருந்தார்.

பெரியவர் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்பா பதறிப்போனார்.

"என்னங்க, எங்ககிட்ட என்ன கொறை கண்டீங்க?"

"பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு நீங்க எங்ககிட்ட சொல்லலையே" என்றார் பெரியவர்.

"எவன் சொன்னான் அப்படி?"

"உங்க பையன்தாங்க சொன்னாரு."

வீடு முழுவதும் என்னைப் பார்த்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா வெளியே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் பெரியவரிடம், "மாமா, நாளைக்கு வாரேன்னு பிரெஞ்சுல சொல்லச் சொல்லுங்க இவனை" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். வியர்த்துக்கொண்டே சொன்னேன்: "துமேன், ஜெத்தே வெனூ."

பெரியவர் கண்ணை மூடி அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, "நாளைக்கு வந்திருந்தேங்கிறான்" என்றார்.

"மூணு மாசமா மாடியில அந்த ஒண்ணைத்தான் கத்திக்கிட்டுத் திரியிறான். வேற எதுவும் தெரியாது. எனக்கு இதுவரைக்கும் கல்யாணம் ஆகலை மாமா. இவன் வாயைத் திறக்காம இருந்தா இனிமே ஆகும்" என்றாள் அக்கா.

கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்த மாப்பிள்ளை, எல்லோரும் நிற்பதைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார்.

"பொண்ணோட புருஷன் போயிட்டானாம்டா" என்றார் பெரியவர்.

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாப்பிள்ளை அக்காவைப் பார்த்து, "போகலைங்க. கை கழுவிட்டு வந்துட்டேன்" என்றார். முதலில் சிரித்தது அந்தம்மாதான். பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேசரி இருக்கிறதா என்று கேட்டார்.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் நடந்தது. தாலி கட்டி முடியும்வரை நான் யாரிடமும் எந்த மொழியிலும் பேசக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. பேசவில்லை.

இத்தனை வருஷமாகியும் அவர்களின் கல்யாண நாளுக்கு நான் பாண்டிச்சேரி போனால், பந்தியில் மாமா, அதாவது அந்த மாப்பிள்ளை, ஓர் இலை கூடுதலாகப் போடச் சொல்வார். விவரம் தெரியாத விருந்தாளிகள் யாருக்கு என்று கேட்பார்கள். "இவளோட முத வீட்டுக்காரருக்கு. போனவரு என்னிக்காவது வந்துட்டா சங்கடமா இருக்குமில்ல" என்பார் மாமா, முகத்தை மாற்றாமல். அக்கா அந்த இலையில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரிமாறிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான்தான் அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.