சுல்தானின் இரண்டு விலைகள்

அன்யாஸ்கோ,
12 பிப்ரவரி 2014

மரியாதைக்குரிய ஆல்பா அண்ணிக்கு,

மிர்த்தா எழுதுவது. இங்கே ஐந்து உயிர்களும் நலம், ஐந்தாவது குதிரை சுல்தான். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, உங்கள் ஊர் பிராங்ஸில் பனி விட்டதா என்று முறைப்படி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பியைக் கைவிலங்கு போட்டுப் பொன்சே நகரத்துக்கு இழுத்துப் போனார்கள் என்று யாரோ உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்களாம். அது விலங்கு இல்லை, டை. கல்யாணத்துக்குப் பிறகு எலியூத் டை கட்டியது இதுவே முதல் தடவை, அதனால் முகம் அப்படி இருந்திருக்கும். போனதும் சிறைக்கு இல்லை, எங்கள் திவால் விசாரணைக்கு.

மலைப்பாதையில் நாங்கள் பன்றி வாட்டும் கடை திறந்தது உங்களுக்குத் தெரியும். திறந்த நான்காவது மாதம் பாலத்தைப் பழுது பார்க்கிறோம் என்று சாலையை மூடினார்கள், அதை இன்னும் திறக்கவில்லை. எட்டு மாதம் நாங்களே வாட்டி நாங்களே தின்றோம். ஆனால் வினை அங்கே தொடங்கவில்லை, கடன் வாங்கப் போன அன்றே தொடங்கிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பிரிவைப் பார்ப்பவர் நெஸ்டோர், எங்கள் மகளின் ஞானத்தகப்பன். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இத வச்சுக் கமிட்டி பதினெட்டு டாலர்கூடத் தராது, பதினெட்டாயிரமா கேக்குற? வேற சொத்து என்ன இருக்கு?" என்றார். "குதிரை இருக்கு" என்றார் எலியூத். "என்ன பெறும்?" "எனக்கா? இருபத்தஞ்சாயிரம் பெறும்." "அப்ப எழுதச் சொல்லு." கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வீட்டில் எல்லாப் படிவமும் என் கைக்குத்தான் வரும். பேனா ஒரு கணம் நின்றது, அண்ணி. யாரும் என்னை மிரட்டவில்லை. இருபத்தைந்தாயிரம் என்று எழுதினேன். பக்கத்தில் காலியிடம் கிடந்தது, அதில் 'தூய பாசோ ஃபீனோ வம்சம்' என்று, நடைக்குப் பேர்போன அந்த உயர்ந்த சாதியின் பெயரையும் சேர்த்தேன். பள்ளியில் மரபணுப் பாடம் நடத்துகிறவள் நான். சுல்தானின் தாயைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் வாங்கினோம். தகப்பன் யாரென்று அந்தத் தாய்க்கு மட்டும்தான் தெரியும்.

கடை மூடி, கடன்காரர்கள் வாசலுக்கு வரத் தொடங்கிய பிறகு வக்கீல் பகான் அம்மாளிடம் போனோம். திவால் மனுவில் இருப்பதையெல்லாம் உள்ளபடி எழுத வேண்டும், பொய் எழுதினால் கடன் தீராது, சில சமயம் ஜெயில்கூட உண்டு என்றார். ஒரு ஆளை அனுப்பிக் குதிரையைப் பார்க்கச் சொன்னார். அந்த ஆள் சுல்தானைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, அறுநூறு டாலர் என்று குறித்துக்கொண்டு போனார். எலியூத் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "அந்தாளு பல்லத்தான பாத்தான், நடையப் பாத்தானா?" என்று குதிரையிடம் மட்டும் பேசினார்.

பொன்சேயில் எங்களோடு இன்னும் பன்னிரண்டு திவால் குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. திவால் பொறுப்பாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் ஒரு மெலிந்த மனிதர். இருவரையும் சத்தியம் செய்ய வைத்தார். சங்கத்தின் வக்கீல் எழுந்து, ஒரு கையில் கடன் விண்ணப்பத்தையும் மறு கையில் திவால் மனுவையும் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே குதிரையா?" என்று கேட்டார்.

"ஒரே குதிரைதாங்க" என்றார் எலியூத்.

"ரெண்டு வருஷத்துல இருபத்தஞ்சாயிரம் அறுநூறாயிடுச்சே, ஏதாவது சீக்கா?"

"சீக்கா? அவனுக்கா? அறுநூறுன்னு எழுதினவனுக்குத்தான் சீக்கு!"

பகான் அம்மாள் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்கே கேட்டது. பொறுப்பாளர் நிமிர்ந்தார். "அப்படின்னா நல்ல விலை போகும்னு சொல்றீங்க. சரி, குதிரைய வித்துக் கடன்காரங்களுக்குப் பங்கு போட்டுடலாம்."

"விக்கவா! ஐயா, அதெல்லாம் முடியாதுங்க. மூச்சு வாங்கும். இடது பின்னங்கால் சரியில்ல. அறுநூறே ஜாஸ்தி."

"ஆக, எங்க விண்ணப்பத்துல எழுதினது பொய்" என்று சங்கத்து வக்கீல் சிரித்தார். "எழுத்து மூலமா பொய்க் கணக்குக் காட்டி வாங்கின கடன் திவால்ல கரையாது. மத்த கடனெல்லாம் போகும், எங்களோடது மட்டும் சாகுற வரைக்கும் கூடவே வரும்."

"பொய்யுமில்லீங்க. அவன் நடையப் பாத்தீங்கன்னா..."

"எலியூத், ஒக்காருங்க" என்றேன். பின்வரிசையில் ஒரு மனிதர், "அந்தக் குதிரைய உள்ள கூட்டிட்டு வாங்கப்பா, அதுக்காவது உண்மை தெரியும்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு எழுந்து, "எழுதினது நான். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன்" என்று சொன்னேன். இவ்வளவு நாள் வயிற்றில் கிடந்த கல் கீழே விழுந்தது போலிருந்தது. விழுந்த கல் பகான் அம்மாளின் தலையில் விழுந்திருக்கும் போல; அப்படித்தான் பார்த்தார்.

வராந்தாவில் வைத்து, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார். கடன் கரையாமல் நிற்க, கடன் கொடுத்தவர் அந்தப் பொய்யை நம்பியதற்கு நியாயம் இருந்திருக்க வேண்டுமாம். "நெஸ்டோர் இந்தக் குதிரைய எத்தன வருஷமா பாக்குறாரு?" "பத்து." "அவரைக் கூண்டுல ஏத்தி அதச் சொல்ல வைக்கிறேன். அவரு நம்பியிருக்கவே முடியாது. கடன் மொத்தமும் அடிபட்டுப் போகும்." "அவரு வேல?" பகான் அம்மாள் தோளைக் குலுக்கினார். சங்கத்தின் சார்பில் வந்திருந்த நெஸ்டோர் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். தன் தொப்பியை உள்ளும் புறமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். பதினெட்டாயிரம் டாலரை ஒரு பக்கமும் அந்தத் தொப்பியை மறு பக்கமும் வைத்துப் பார்த்தேன். எலியூதைத் திரும்பிப் பார்த்தேன். "பொண்ணோட ஞானத்தகப்பன்டி" என்றார், அவ்வளவுதான். ஆக, சங்கத்தோடு வழக்காடாமல் சமாதானமாகப் போகிறோம், அண்ணி. பதினோராயிரம், மாதம் நூற்றைம்பது வீதம் ஆறு வருஷத்துக்கு மேல். வரும் திங்கட்கிழமை கையெழுத்து. மற்ற கடன்களெல்லாம் கரைந்துவிடும். பள்ளி முடிந்து மாலையில் இரண்டு வீடுகளில் பாடம் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். கஷ்டம்தான், ஆனால் இரவில் தூக்கம் வருகிறது. அதனால் நீங்கள் சேமிப்பை உடைத்து எதுவும் அனுப்ப வேண்டாம். ஜெயில் இல்லை என்று அங்கே எல்லோருக்கும் உரக்கச் சொல்லுங்கள்.

குழந்தைகள் இருவரும் உங்கள் ஆசி கேட்கிறார்கள். கடிதத்தைப் படிக்கும்போதே கொடுத்துவிடுங்கள், வந்து சேரும். கன்னி மாதா உங்கள் முழங்காலையும் எங்கள் பாலத்தையும் சீக்கிரம் குணமாக்கட்டும்.

என்றும் உங்கள்,
மிர்த்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நெஸ்டோர் ஓடி வந்தார். மனசு கேட்காமல் நேற்றே சங்கத்து மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாராம். மேலாளர் கமிட்டியைக் கூட்டியிருக்கிறார். தலைவர் எழுந்து, "அந்தக் குதிரையா? மூணு ராஜா திருநாள் ஊர்வலத்துல கோயில் வாசல்ல ஒக்காந்துட்டு, அரை மணி நேரம் எந்திரிக்கலியே! பின்னாலேர்ந்து தள்ளினவனே நான்தான்யா" என்றாராம். கமிட்டியில் ஐந்து பேரும் தள்ளியவர்களாம். ஐந்து பேரும் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்களாம். கூண்டில் ஏறி இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாததால் வழக்கை வாபஸ் வாங்குகிறார்கள். கடன் முழுவதும் போயிற்று, அண்ணி! நெஸ்டோருக்கு வெறும் கண்டனக் கடிதம்தான்; அதன் அடியிலும் அதே ஐந்து கையெழுத்துதானாம். ஆனால் உங்கள் தம்பி சாப்பிடாமல் குதிரைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். "இந்த ஊர்ல ஒருத்தன்கூட, ஒரு நிமிஷம்கூட, அவன் இருபத்தஞ்சாயிரம் பெறுவான்னு நம்பலியாடி?" என்கிறார். அந்தப் பதினோராயிரத்தைக் கட்டியே தீருவேன் என்று அடம் பிடிக்கிறார். தயவுசெய்து இன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்களாவது நம்பினீர்கள் என்று சொல்லுங்கள். சத்தியம் செய்யச் சொன்னால் மட்டும் லைனைத் துண்டித்துவிடுங்கள்.