புல்லாங்குழல் குறித்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். அக்காவின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் ஒலிபரப்புத் துறையில் உயர்ந்த பதவியில் இருப்பதால், என் வேலை போவதற்குள் ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசுவது ஏழு விநாடி தாமதித்தே வெளியே போகும். அதற்குள், தகாத பேச்சு என்றால் நான் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்; பேச்சுக்குப் பதில் புல்லாங்குழல் ஒலிக்கும். எது தகாதது என்பதற்குத் துறையில் ஒரு பட்டியல் உண்டாம், அது ரகசியமாம். ஆகவே உத்தேசமாக அழுத்திவந்தேன். போன மாதம் ஒரு தையல்காரர், "எங்க தெருக் குழாயில மூணு வாரமா..." என்று ஆரம்பித்தார். அழுத்திவிட்டேன். தண்ணீர் வருகிறது என்று சொல்ல வந்தாரா, வரவில்லை என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து குழல் கேட்டால் கடைகளில் சத்தத்தைக் கூட்டிவைக்கிறார்கள். ஒரு அம்மா நேரலையிலேயே கேட்டார்: "தம்பி, நான் நல்லதாத்தான் பேசுறேன். இருந்தாலும் கடைசியில கொஞ்சம் குழல் போட்டுவிடு. இல்லன்னா எங்க தெருவுல யாரும் என்னை மதிக்க மாட்டாங்க." மனசு கேட்கவில்லை, போட்டேன்.

இப்போது துறையிலிருந்து நோட்டீஸ். குழல் அரசை விமர்சிக்கிறதாம். திங்கட்கிழமை நேரில் விளக்கம் தராவிட்டால் நிலையத்தின் உரிமம் ரத்தாம். மேலாளர், "நீயே போயிட்டு வா. உரிமம் போறதா, நீ போறதான்னு என்னைக் கேட்டாங்கன்னா நான் யோசிக்கவே மாட்டேன்" என்கிறார். குழலை எடுத்துவிட்டுச் சும்மா விடலாமென்றால், மூன்று விநாடிக்கு மேல் மௌனத்தை ஒலிபரப்பினால் அதுவும் குத்தமாம், அத்தான். பின்ன என்னதான் பண்றது? எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பதினாலு வருஷமா எதை மறைச்சுக்கிட்டிருந்தேன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலை ஒரே ஒரு தடவை கண்ணுல காட்டுங்க.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எங்கும் பேசாமல் முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், விசாரணைக்காகப் பட்டியலையே அனுப்பிவைத்திருக்கிறார்கள். நாற்பத்தோரு விதிகள். கடைசி விதி இந்த வாரம் சேர்த்தது: ஒலிபரப்பு ஊழியர் எவரும் துறையிலுள்ள தம் அக்காள் கணவருக்குக் கடிதம் எழுதக் கூடாது. கீழே தங்கள் கையொப்பம். ஆகவே இதை நான் எழுதவில்லை. திங்கட்கிழமை என்ன சொல்ல வேண்டும் என்று பதில் மட்டும் போடுங்கள். பதில் போடத் தடை எதுவும் காணோம்.