வாசலுக்கு எட்டுப் பலகை

கடைசி ஆணியும் இறங்கி முடிந்த பிறகுதான் பரராசசிங்கத்துக்குத் தெரிந்தது, மனைவி பலகைக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுவிட்டாள் என்று.

"இஞ்சாருங்கோ," என்று பலகைக்குப் பின்னாலிருந்து மங்கையற்கரசியின் குரல் கேட்டது. "அடிச்சு முடிஞ்சுதோ? இப்ப நான் எப்பிடி வாறது?"

பரராசசிங்கம் சுத்தியலும் கையுமாக நின்றார். எட்டுப் பலகை, நாற்பத்தெட்டு ஆணி. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலை. இடையில் எப்போதோ அவள் பக்கத்து வீட்டு யோசேப்பின் மனைவி மரியமலரோடு தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறாள். போயிருக்கிறாள் என்று சொல்வதுகூடப் பிழை. அந்த வீட்டில் யாரும் அப்படிப் போவதுமில்லை, வருவதுமில்லை. இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடப்பார்கள், அவ்வளவுதான்.

அது பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில் நூற்றிருபது வயதான ஒரு கட்டடம். தெருவைப் பார்த்த முன்கட்டடத்தில், மூன்றாம் மாடியில் பரராசசிங்கம் வீடு. முற்றத்தைப் பார்த்த பக்கக் கட்டடத்தில், அதே மூன்றாம் மாடியில் யோசேப்பு வீடு. ஆளுக்கொரு படிக்கட்டு, ஆளுக்கொரு அழைப்பு மணி, ஆளுக்கொரு தபால்பெட்டி. ஆதியில் யாரோ ஒரு பெரிய மனிதர் இரண்டையும் ஒரே வீடாக வைத்து வாழ்ந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் நடுவிலிருந்த வாசலைப் பலகையடித்து மூடி, இரண்டாக்கி வாடகைக்கு விட்டார்கள். அந்தப் பலகையைக் கழற்றியவர்கள் பரராசசிங்கமும் யோசேப்பும். யாரிடமும் கேட்காமல் கழற்றினார்கள். அதுதான் இன்றைய வில்லங்கம்.

வில்லங்கம் ஒரு கடிதமாக வந்தது. கட்டடத்தைப் புதிதாக வாங்கிய கொம்பனி அனுப்பியது. ஜெர்மன் கடிதம் வாசிப்பதில் பரராசசிங்கத்தை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று ஒரு பெயர் உண்டு. தொண்ணூறுகளில் விசாக் கடிதம், வரிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் இவரிடம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நிற்பார்கள். வாசிப்பதற்கு அவரிடம் ஒரு தனி முறை இருந்தது. முழுக் கடிதத்தையும் வாசிக்கவே மாட்டார். தடித்த எழுத்தைப் பார்ப்பார், திகதியைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், தீர்ப்புச் சொல்லிவிடுவார். மிச்சமெல்லாம் சட்ட நம்பர், எழுதினவனே அதை வாசித்திருக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி. தீர்ப்பில் பாதி சரிவந்தது. சரிவராத பாதிக்காரர் மரியாதை கருதித் திரும்பி வந்து சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தில் தடித்த எழுத்தில் கிடந்தது ஒரே ஒரு வரி: இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள வாசல் தொடர்பாக. கீழே திகதி. செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி, நேரில் பார்வையிட ஆள் வரும்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிடிபட்டிட்டம்," என்றார்.

மங்கையற்கரசி, கொம்பனிக்கு ஒரு ரெலிபோன் எடுத்து என்ன விசயமென்று கேட்டால் என்ன என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கப் போனால்தான் பிழை வெளியில் வரும் என்பது அகதி முகாமிலேயே அவர் படித்த பாடம். அறுபத்திரண்டு வயதில் அதை மாற்ற அவர் தயாரில்லை. மகள் கம்சனாவுக்குக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பலாமே என்றாள் அடுத்ததாக. அவள் டிரெஸ்டனில் வேலையாக இருக்கிறாள், பிள்ளையை ஏன் பயப்படுத்த வேண்டும் என்று அதையும் மறுத்துவிட்டார்.

உண்மையில் பயம் அவருக்குத்தான். அனுமதி இல்லாமல் சுவரில் வாசல் திறந்து முப்பத்தாறு வருடம். அது தெரிய வந்தால் இரண்டு குடும்பத்தையும் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள். யோசேப்பு ஹனோவரில் இருக்கும் மகன் நிருஜனோடு போய்விடுவான். இவர் டிரெஸ்டனுக்குப் போக வேண்டியதுதான். வாழலாம், ஏன் வாழ ஏலாது? ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யோசேப்பு இருமாத ஒரு வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் போய்ப் பலகை வாங்கினார்.

வாசலைத் திறந்த அந்த நாள் அவருக்கு நேற்றுப்போல இருந்தது. பேர்லின் மதில் விழுந்து ஒரு மாதம். பரராசசிங்கம் அப்போது தனிக்கட்டை. உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்தவர், ஆசைப்பட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். மணத்துக்கு மேல்மாடிக் கிழவி பொலிசைக் கூப்பிடுவாள் என்று பயந்து யன்னல்களை எல்லாம் பூட்டியிருந்தார். மணம் வேறு வழியில்லாமல் பலகை இடுக்கால் போயிருக்க வேண்டும். சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"அண்ணை, உது கட்டாக் கருவாடோ?"

அந்தக் கட்டடத்தில் அவர் கேட்ட முதல் தமிழ் அது. அகப்பையும் கையுமாக நின்றவருக்கு அழுகை வந்துவிட்டது. அதை இன்றுவரைக்கும் யோசேப்புக்குச் சொல்லவில்லை. கட்டாதான், சோறு கிடக்குதோ என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் சோறு இருந்தது, கறி இல்லை. இந்தப் பக்கம் கறி இருந்தது, சோறு இன்னும் வேகவில்லை. மூன்று மாடி இறங்கி, முற்றம் கடந்து, மூன்று மாடி ஏற இருவருக்கும் பொறுமை இல்லை. அந்த மாதம் நகரமே சுத்தியலோடு மதிலடியில் நின்றது. இவர்களும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று உடைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு ஒரு கதவுகூடப் போடவில்லை. ஒரு திரைச்சேலை தொங்கியது; பரராசசிங்கம் மட்டும் அந்த முதல் நாள் நினைவாக நிலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவார். மங்கையற்கரசி வந்தாள், மரியமலர் வந்தாள், பிள்ளைகள் பிறந்தார்கள். யேசு பிறப்புக்கு வைக்கும் நத்தார் மரம் அந்தப் பக்கம் நின்று இந்தப் பக்கம் கொப்பை நீட்டும். தைப்பொங்கல் இந்தப் பக்கம் பொங்கும், அந்தப் பக்கம் முதலில் தீர்ந்துபோகும். கம்சனா முதலடி வைத்தது இங்கே, விழுந்தது யோசேப்பின் மடியில். எது தங்கள் வீடு என்பது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விலாசம் எழுதச் சொன்ன அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலையும் குளிரும் கடிதங்களுமாகக் கிடந்த காலம்தான். ஆனாலும் அப்படியொரு காலம் இனி வராது என்று நினைத்துக்கொண்டேதான் பாவி மனுசன் ஒவ்வொரு ஆணியாக அடித்தார்.

இப்போது மனைவி அந்தப் பக்கம். சுற்றி வாவென்று சொன்னார்.

"என்ர முழங்காலோட மூண்டு மாடி இறங்கி ஏற ஏலாது. வாறவை வந்திட்டுப் போகட்டும். நான் இஞ்சையே இருக்கிறன்," என்றாள். அவள் அதைக் கொஞ்சம் சந்தோசமாகவே சொன்னதுபோல இவருக்குப் பட்டது.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த சிக்கல் தெரிந்தது. அன்றைய சமையல் முறைப்படி சோறு இந்தப் பக்கம், கறி அந்தப் பக்கம். பரராசசிங்கம் தினமும் விழுங்கும் பிரசர்க் குளிசையும் அந்தப் பக்கம். ஆறு கோப்பைச் சோற்றைத் தனியே வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? அடிப்பலகையைக் கொஞ்சம் நெம்பி, கறிச் சட்டி நுழையுமளவுக்கு ஒரு இடைவெளி எடுத்தார். சட்டி பாதி வந்தது. மீதி வரவில்லை. யோசேப்பு அங்கிருந்து தள்ள, இவர் இங்கிருந்து இழுக்க, பலகை நடுவால் பிளந்தது. ஆட்டிறைச்சிக் குழம்பு இரண்டு வீட்டுக்கும் சரிபாதியாக ஊற்றுண்டது.

துடைத்துவிட்டுப் பார்த்தால் பிளந்த பலகை குழம்பு நிறத்தில் நின்றது. அதை மறைக்க வேண்டும். நிலவறையிலிருந்து பழைய சுவர்க்கடதாசிச் சுருளொன்றை எடுத்து வந்து, பசை பூசி, பலகை முழுக்க ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தார். சுற்றியிருந்த சுவர் இருபது வருடத்து மஞ்சள். ஒட்டிய இடம் பால் வெள்ளை. முன்னமாவது பலகை மட்டும் தெரிந்தது. இப்போது, ஆறரை அடி உயரத்தில் இங்கேதான் வாசல் இருந்தது என்று சுவர் தானாகவே சாட்சி சொன்னது.

அலுமாரியை இழுத்து மறைக்கப் பார்த்தார். அது பாதி வழியில் ஒரு காலை விட்டுவிட்டுச் சாய்ந்து நின்றுகொண்டது. கடைசியில் முருகன் கலண்டர், கம்சனாவின் பட்டமளிப்புப் படம், மங்கையற்கரசியின் தம்பி கனடாவில் வாங்கிய வீட்டின் படம் எல்லாவற்றையும் வெள்ளைக் கடதாசியில் வரிசையாக மாட்டினார். இதைக் கேள்விப்பட்ட யோசேப்பு, அந்தப் பக்கமும் மாதா படம் மாட்டினால் பொருத்தமாக இருக்குமென்று நினைத்து நீளமான ஆணியொன்றை அடித்தான். ஆணியின் கூர் இந்தப் பக்கம் முருகனின் தோளருகே எட்டிப் பார்த்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, கைத்தொலைபேசியில் யோசேப்பை அழைத்துக் கடைசி ஒத்திகை பார்த்தார். பலகையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு போனோடு நின்றார்கள். ஒவ்வொரு சொல்லும் முதலில் பலகையாலும் பிறகு போனாலுமாக இரண்டு முறை கேட்டது.

"எங்களுக்கு ஆளையாள் தெரியாது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

"அண்ணை எண்டு கூப்பிடாதை."

"ஓம் அண்ணை."

மணி அடித்தது. ஆறடி ஜெர்மன்காரன் ஒருவனை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தவர் திகைத்துப்போனார். கொம்பனிச் சட்டையும் கையில் ஒரு தொடுதிரை மின்பலகையுமாக நின்றது ஒரு தமிழ்ப் பிள்ளை. சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினாள்.

"வணக்கம் அங்கிள். நான் தேனுஜா. கொம்பனியில இருந்து வாறன்," என்றாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் கவனமான தமிழ்.

எங்கட பிள்ளை என்று ஒரு கணம் மனது குளிர்ந்தது. அடுத்த கணம் அதுவே வில்லங்கமாகப் பட்டது. ஜெர்மன்காரனென்றால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம், தமிழ்ப் பிள்ளையை ஏய்ப்பது எப்படி? அவள் நேரே நடு அறைக்குப் போனாள். சாய்ந்த அலுமாரியைப் பார்த்தாள், வெள்ளைக் கடதாசியைப் பார்த்தாள், முருகனருகே நீட்டிக்கொண்டிருந்த ஆணியையும் பார்த்தாள். காயாத பசை அதற்கு மேல் தாங்கவில்லை. கடதாசி மேலிருந்து மெல்லக் கழன்று, கனடா வீட்டையும் கூட்டிக்கொண்டு கீழே விழுந்தது. எட்டுப் பலகையும் வெளியில் தெரிந்தன.

இது எவ்வளவு காலமாக மூடியிருக்கிறது என்று கேட்டாள்.

"நாங்கள் வந்த நாளிலயிருந்து இப்பிடித்தான் பிள்ளை. ஒரு நாளும் திறந்ததில்லை."

அவள் தலையை ஆட்டிவிட்டு, பலகை எவ்வளவு தடிப்பென்று பார்க்க இரண்டு தட்டுத் தட்டினாள். முப்பத்தாறு வருடப் பழக்கம் லேசில் போகுமா? யோசேப்பின் குரல் கணீரென்று வந்தது.

"வாங்கோ அண்ணை, திறந்துதானே கிடக்குது."

பலகைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அதிலொரு சிரிப்பு இவர் தாலி கட்டியது.

அது யாரென்று தேனுஜா கேட்டாள்.

"தெரியாது பிள்ளை," என்றார் பரராசசிங்கம். "நான் அந்த மனுசனைக் கண்டதே இல்லை."

சிரிப்பு நின்றது. யோசேப்பிடமிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. இப்படிச் சொல்வதாகப் பேசி வைத்ததுதான், ஒத்திகைகூடப் பார்த்ததுதான். ஆனால் சொன்ன பிறகு அந்த அமைதி அவரைச் சுட்டது. இந்த வீட்டைக் காப்பாற்றப் புறப்பட்டதே யாருக்காக? அவனையே தெரியாதென்று சொல்லி ஒரு வீட்டை வைத்திருந்து என்ன செய்வது? போனால் போகட்டும் என்று வந்துவிட்டது அவருக்கு.

"பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை," என்றார். "அவன் யோசேப்பு. என்ர சகோதரம் மாதிரி. இந்த வாசலை உடைச்சது நாங்கள் ரெண்டு பேரும்தான், எண்பத்தொன்பதில. முப்பத்தாறு வருசம் திறந்துதான் கிடந்தது. உங்கட கடிதத்தைப் பாத்த பயத்தில இண்டைக்குக் காலமைதான் அடிச்சு மூடினனான். பிழை என்ரதுதான். எங்களைப் பிரிச்சு விட்டிடாதேங்கோ."

தேனுஜா அவரைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மின்பலகையில் இருந்த கடிதத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அங்கிள், நெருப்புப் பிடிச்சால் ரெண்டு வீட்டுக்கும் தப்பி ஓட ரெண்டாவது வழியில்லை, எங்கட பழைய வரைபடத்தில மூடிக் கிடக்கிற இந்த வாசலைத் திறந்து விடுங்கோ எண்டுதானே நாங்கள் கடிதம் போட்டனாங்கள்."