ஒருவரும் விடுபடாத கணக்கு

மனிதன் சக மனிதனை எண்ணத் தொடங்கிய நாளில்தான் நாகரிகம் பிறந்தது என்ற வாக்கியத்தோடுதான் பேராசிரியர் செந்தூர்பாண்டி எந்தக் கருத்தரங்கையும் தொடங்குவார். அந்த மாதமும் தொடங்கினார். நாகரிகத்தின் எதிரில் ஏழு பேர் இருந்தார்கள். மூன்று பேர் பேச்சாளர்கள். ஒருவர் மின்விசிறியைச் சரிசெய்ய ஏணியில் ஏறி, கூட்டம் தொடங்கிவிட்டதால் இறங்கக் கூச்சப்பட்டு மேலேயே நின்றவர்.

கருத்தரங்கு முடிந்ததும் வேப்பமரத்தடியில் நட்புக்கூடல். அங்கே வடைக்கு முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள்.

செந்தூர்பாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில், பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு மூலையில், மக்கள்தொகை ஆய்வு மையம் என்ற ஒன்றை அவர் பதினோரு ஆண்டுகளாகத் தாங்கிப் பிடித்து வருகிறார். இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் பிறக்கிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்படிப் பிறந்தவர்களில் ஒருவருக்கும் இவர் ஒருவர் இருப்பது தெரியவில்லை.

“இந்த ஊர்ல அறிவுக்கு மரியாதையே இல்ல தாஹிர்” என்றார்.

“வடைக்கு இருக்குல்ல சார்” என்றார் மையத்தின் கண்காணிப்பாளர் செய்யது அபுதாஹிர்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாளே ஒரு கடிதம் வந்தது. மையம் தொடர வேண்டுமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறது. அடுத்த மாதக் கருத்தரங்கில் பொதுமக்கள் நூறு பேராவது இல்லையென்றால் மையத்தைப் பொருளாதாரத் துறையோடு சேர்த்துவிடுவார்கள். இயக்குநரின் குளிர்சாதன அறையும், பித்தளைப் பெயர்ப்பலகையும் போய்விடும். பொருளாதாரத் துறையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை காலியாக இருக்கிறது. அதை இப்போதே துடைத்து வைத்துவிட்டார்கள் என்று அபுதாஹிர் விசாரித்து வந்து சொன்னார்.

செந்தூர்பாண்டி அறிவியல்பூர்வமாகச் சிந்தித்தார். வடைக்கே முப்பத்தெட்டு என்றால், எண்ணெய் பரோட்டாவுக்கும் கோழி சால்னாவுக்கும் எத்தனை? கரும்பலகையில் ஒரு சூத்திரம் எழுதினார். நூற்றைம்பது கூப்பன் கொடுத்தால் நூற்றுமூன்று பேர் வருவார்கள் என்று விடை வந்தது. கூப்பனில் மையத்தின் முகவரியைப் போடச் சொன்னார் அபுதாஹிர். மையம் எவனுக்குத் தெரியும் என்று சொல்லி, தன் பெயரையும், பட்டங்கள் நான்கையும், வீட்டு முகவரியையும் பொன் எழுத்தில் போடச் சொன்னார் செந்தூர்பாண்டி.

சிவகாசி அச்சக உரிமையாளர் காமராஜ் போனில் சிரித்தார். “நூத்தம்பதுக்கெல்லாம் மிஷின ஓட்ட முடியாது சார். கம்பி மத்தாப்பு லேபிள் ஆர்டர் ஒண்ணு ஓடுது. ஷீட்டு ஓரத்துல எடம் கெடக்கு. அதுல சேத்துப் போட்டுத் தாரேன்.”

கூப்பன்கள் பளபளவென்று வந்தன. செந்தூர்பாண்டி ஒன்றை எடுத்துத் தன் பெயரை மூன்று முறை படித்தார்.

நான்காம் நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் ஆறு பெண்கள் நின்றார்கள். எல்லாரும் அவர் காலனிக்குப் பின்தெருக்காரர்கள். சாத்தூர் ரோட்டுப் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவர்கள். ஆளுக்கொரு கூப்பன் வைத்திருந்தார்கள். பரோட்டா எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

செந்தூர்பாண்டி காமராஜிடம் கத்தினார். காமராஜுக்குக் கோபமே வரவில்லை.

“ஒங்களுக்கு நூத்தம்பது ஷீட்டுல வெட்டிக் குடுத்துட்டேன்ல சார். மிச்ச ஷீட்டு லேபிளோட கம்பெனிக்குப் போயிருச்சு. ஓரத்தக் குப்பையில போடத்தான் செய்வாகன்னு நெனச்சேன். விருந்துன்னு போட்டிருந்தா எவன் சார் குப்பையில போடுவான்?”

“மிச்சம் எம்புட்டு?”

“ஆயிரத்து எண்ணூறு இருக்கும்.”

மையத்தின் வட்ட முத்திரை இல்லாத கூப்பன் செல்லாது என்று பின்தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டினார் செந்தூர்பாண்டி. அதன் பிறகுதான் உண்மையான கூட்டம் வந்தது. முத்திரை போட்டுத் தரச் சொல்லிக் காலை ஆறு மணிக்கே அழைப்பு மணி அடித்தது. மாலையில் வரிசை வளைந்து பால் பூத் வரை போனது.

வெகுண்ட பேராசிரியர் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனைவி முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, கருத்தரங்கு முடியும்வரை யார் வந்தாலும் வீட்டில் ஆளில்லை என்று சொல்லிவிடச் சொன்னார்.

“யாரு வந்தாலுமா?”

“மந்திரியே வந்தாலும்.”

“ஆளில்லன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமே. அப்ப நான் யாருன்னு கேட்டா?”

“ஜன்னல் வழியாச் சொல்லு. மூஞ்சியக் காட்டாத.”

முத்துப்பேச்சி எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. அந்த வாரம் முழுவதும் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஆளில்லை, ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது கணவனுக்குக் கணக்கு ஒப்பித்தார். வெள்ளிக்கிழமை மொத்தம் பதினொரு பேர். ஒன்பது பேர் முத்திரைக்கு. ஒருவர் தண்ணீர் கேன் போட. ஒருத்தி பையும் குடையுமாக மூன்றாவது தடவையாக வந்தவள்.

“அவ முத்திர கேக்கல. போன்ல என்னமோ தட்டிக்கிட்டே ரொம்ப நேரம் நின்னா. பாவமா இருந்துச்சு.”

“பாவம் பாத்தா வீட்டுக்குள்ள வந்து பரோட்டா கேப்பாக” என்றார் செந்தூர்பாண்டி.

சனிக்கிழமை அரங்கத்துக்குள் அறுநூறு பேர் இருந்தார்கள். வெளியில் இருந்தவர்களை எண்ண முடியவில்லை. காரியாபட்டியிலிருந்து வந்த பரோட்டா மாஸ்டர், தன்னிடம் நூற்றைம்பது பேருக்குத்தான் மாவு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். இருப்பதையெல்லாம் கொத்தி, முட்டையும் வெங்காயமும் அள்ளிப் போட்டுப் பெருக்கிவிடலாம் என்று அபுதாஹிர் முடிவெடுத்தார். ஆகவே செந்தூர்பாண்டி நாகரிகம் பிறந்த நாளை அறிவித்தபோது அரங்கத்தின் பின்னாலிருந்து டங்கு டக்கு டங்கு டக்கு என்று கொத்துப் பரோட்டா முழங்கியது.

குழுத் தலைவரான சென்னை அம்மையாருக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு மக்கள்தொகைக் கருத்தரங்குக்கு இவ்வளவு மக்களை அவர் பார்த்ததில்லை. பேனாவைத் திறந்து, இந்த மையம் தொடர வேண்டும் என்று எழுதவே தொடங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற அபுதாஹிர் அதை எட்டிப் பார்த்து, மேடைக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

செந்தூர்பாண்டி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வாரக் கோபம் உள்ளே இருந்தது. பேச்சின் தலைப்பு ‘ஒருவரும் விடுபடாத கணக்கு’. நேற்றோடு முடிந்த அரசுக் கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டி, கணக்கெடுக்க வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்துகிறவர்கள் யார் என்று கேட்டு அவரே பதில் சொன்னார். விவரமில்லாத தொழிலாளர்கள். சோற்றுக்கு மட்டும் கூடி, அறிவியல் வீடு தேடி வந்தால் ஒளிந்துகொள்கிறவர்கள்.

கொத்துகிற சத்தம் நின்றது.

மூன்றாவது வரிசையில் லட்சுமிகாந்தம் என்ற பெண் எழுந்தார். வாசலில் முதல் நாள் நின்ற ஆறு பேரில் ஒருவர்.

“எவக ஒளிஞ்சாக? கணக்கெடுக்க டீச்சர் ராத்திரி ஏழு மணிக்கு வந்தப்பக்கூட லைட்டப் போட்டு, நாக்காலி போட்டு, பேரச் சொல்லி விட்டோம். எங்க வீட்ல ஆடு எத்தனன்னு கேக்கலையேன்னுகூட நாங்கதான் கேட்டோம்.”

அரங்கம் கைதட்டியது. அம்மையார் எழுந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். மேடையிலும் கீழேயும், கணக்கெடுப்பில் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கள் என்றார்.

அறுநூறு கைகள் உயர்ந்தன. பரோட்டா மாஸ்டர் கரண்டியோடு தூக்கினார். தன் வீட்டுக்கு யாரும் வந்ததாகச் செந்தூர்பாண்டிக்கு நினைவில்லை. ஆனால் மக்கள்தொகை மையத்தின் இயக்குநர் கை கீழே இருக்க முடியுமா? எல்லாரையும்விட உயரமாகத் தூக்கினார். போட்டோவும் எடுத்தார்கள்.

“உங்க ஏரியாவுக்கு வந்த டீச்சர் யாரும்மா?” என்று கேட்டார் அம்மையார்.

பின்தெருப் பெண்கள் மொத்தமாகத் திரும்பிக் கடைசி வரிசையைக் காட்டினார்கள். பையும் குடையும் மடியில் வைத்திருந்த ஓர் ஆசிரியை கூச்சத்தோடு எழுந்தார். பெயர் பெனாசிர் என்றார்.

“பிரமாதம் டீச்சர். ஒரு வீடுகூட விடலையா?”

பெனாசிர் போனைத் திறந்து பார்த்தார். பிறகு மேடையில் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டே நின்ற பேராசிரியரைப் பார்த்தார்.

“ஒரே ஒரு வீடு மேடம். சார் வீடு. மூணு தடவ போனேன், ஜன்னல்ல இருந்து ஆளில்லன்னாக. நேத்தோட நாள் முடிஞ்சிருச்சு, ஆளில்லாத வீடுன்னு ஏத்திட்டேன்.”