தலை குனியக் கூடாத இரண்டு நாள்

குனியாமல் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஹமானோவுக்குத் தெரியவில்லை.

காலையில்தான் ஞானப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். "ரெண்டு நாளைக்குத் தலையைக் குனியாதீங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க. பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க," என்று சொல்லி, கன்னத்துக்கு ஐஸும் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

மதியம் கிதாபாதாகே இனிப்புக் கடையில் மன்னிப்பு. ஹமானோவின் கம்பெனி செய்த அட்டைப் பெட்டிகள் அடிப்பக்கம் பிரிந்து, ஒரு கல்யாணத்து இனிப்பெல்லாம் நடுத்தெருவில் கொட்டிவிட்டன. கடைக்காரர் கைவிட்டால் ஹமானோவுக்கு வடக்கே பனிக்காட்டுக் கிடங்குக்கு மாற்றல்தான். அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தான். மேலதிகாரி கவாமுராதான் கேட்கவில்லை. "வலியோட ஏன்யா மல்லுக்கட்டுற? எனக்குத் தெரிஞ்ச டாக்டர்தான், இன்னிக்கே பிடுங்கிட்டுப் போ," என்றார். பத்து வருஷத்தில் அவர் காட்டிய முதல் கருணை. ஹமானோ இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கடையில் தலையை மட்டும் லேசாக அசைத்தான். கிழவர் கிதாபாதாகே முகம் கறுத்தது.

"இவ்வளவு நிமிந்து நின்னு இங்க யாரும் மன்னிப்புக் கேட்டதில்ல, தம்பி."

பாதி குனிந்தான். தாடைக்குள் யாரோ உலக்கை போட்டதுபோல் இருந்தது, முனகினான். சலித்துக்கொள்கிறான் என்று கிழவர் எடுத்துக்கொண்டார். விளக்கம் சொல்ல வாய் திறந்தால் பஞ்சுதான் பேசியது. கொதிக்கும் தேநீர் வந்தது. மறுத்தால் அவமதிப்பு என்று குடித்தான். நின்றிருந்த ரத்தம் மறுபடி கசியத் தொடங்கியது.

இனி இழக்க என்ன இருக்கிறது? பாயில் விழுந்து நெற்றி தரையில் படக் குனிந்தான். சிவந்த பஞ்சு கிழவரின் காலடியில் போய் விழுந்தது.

கிழவர் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். வழிகிற கண்ணீரைப் பார்த்தார்.

"உங்க ஆபீஸ்ல அடிச்சா அனுப்புறாங்க?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான், ரத்தம்தான் வழிந்தது. கிழவர் தானே உள்ளே போய்த் துண்டில் ஐஸ் சுற்றிக் கொண்டுவந்தார். ஹமானோ கிளம்பும்போது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெட்டிக்கு ஆர்டரும் கொடுத்தார்.

ரயிலில் ஹமானோவுக்கு மனசே சரியில்லை. நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே, அதுவும் கருணையுள்ள கவாமுராவின் பெயரைக் கெடுத்து. உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஆபீசுக்குள் நுழைந்தான். கவாமுரா கிளம்பிப் போயிருந்தார். குமாஸ்தா நிஷியோ அம்மாள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:

"சார் உங்க எக்ஸ்ரேயைப் பாத்துட்டாரு. இன்னும் மூணு ஞானப் பல் இருக்காம். அடுத்த மன்னிப்பு வெள்ளிக்கிழமை மதியம். அன்னிக்குக் காலையில டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு."